‘தெளிவான படங்கள் மட்டும்’: ஒரு கண்ணாடிக்கடைக்காரனின் முறைப்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வாசகர்களின் படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். பத்திரிகை வந்ததும் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான். அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை வருகிறது: ‘தெளிவான படங்களை மட்டும் அனுப்பவும்.’ நான் மூன்று படம் அனுப்பினேன். மூன்றும் வரவில்லை. தொலைபேசியில் விசாரித்தபோது எடுத்த பிள்ளை மிகவும் மரியாதையாக, “ஐயா, படம் எடுக்கேக்க கை ஆடிப்போச்சுது போல. வேற இருந்தா அனுப்புங்கோ” என்றார்.

கை ஆடவில்லை. என் அம்மாவின் பழைய மூக்குக்கண்ணாடி வில்லையைக் கமராவில் பூட்டி எடுத்த படங்கள் அவை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் போதாமல் வெட்டுவதானால் குழாய்க் கதையை வெட்டுங்கள். பூக்கார அம்மாவில் கை வைக்க வேண்டாம்.

29 வருடம் திருகோணமலை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்தவன் நான். முன்னால் டொக்டரின் துண்டு வரும். பின்னால் நான் வில்லையைக் கல்லில் அரைத்து, பிரேமில் பூட்டி, நடுப்புள்ளி கண்மணிக்கு நேரே வருகிறதா என்று பார்த்துக் கொடுப்பேன். புள்ளி இரண்டு மில்லிமீற்றர் தள்ளிப்போனால் அடுத்த நாள் தலையிடி என்று வந்து நிற்பார்கள். தெளிவு போட்ட சோற்றைத்தான் இவ்வளவு காலமும் சாப்பிட்டேன். அதனால் தெளிவுக்கு எதிராக வழக்காட வந்தவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

என் அம்மாவுக்கு 1986 இல் இரண்டு கண்ணிலும் வெள்ளை எடுத்தார்கள். இப்போது கண்புரை எடுத்தால் அந்த இடத்திலேயே சின்னதொரு பிளாஸ்டிக் வில்லையை வைத்துவிடுகிறார்கள். லண்டனில் ரிட்லி என்ற வைத்தியர் 1949 இலேயே அதைத் தொடங்கிவிட்டார். எங்களைப் போன்ற சனத்துக்கு வந்து சேரத்தான் காலம் எடுத்தது. அம்மாவுக்குக் கண்ணிலிருந்த வில்லையை எடுத்ததோடு சரி. அது செய்த வேலையை முகத்தில் மாட்டிய தடித்த கண்ணாடி செய்தது. பவர் பிளஸ் பத்து. அந்தக் காலத்துக் கிழவர்கள் அதைப் போட்டால் கண் இரண்டும் மாட்டுக் கண்போலப் பெரிதாகத் தெரியுமே, அதேதான்.

அந்தக் கண்ணாடி வழியே நடுவில் பார்ப்பதெல்லாம் நன்றாகத் தெரியும், இயல்பைவிடப் பெரிதாக. ஓரம்தான் சரிவராது. “கதவு நிலை வளையுது, நீ பார்த்தனியே?” என்று அம்மா என்னைக் கேட்பார். பக்கத்தில் ஆள் வருவது தெரியாது. வந்தவர் பேய் மாதிரித் திடீரென்று முன்னால் முளைப்பார். தேத்தண்ணீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு எங்களைப் பேசுவார். கடையில் அப்படிக் கண்ணாடி வாங்குகிற எல்லோருக்கும் நாங்கள் சொல்வது ஒன்றுதான்: கண்ணைத் திருப்பாதீர்கள், தலையைத் திருப்புங்கள். பார்க்க வேண்டியதை நடுவில் வையுங்கள்.

அம்மா போய் வருடக்கணக்காகிவிட்டது. கண்ணாடி மட்டும் அலுமாரியில் இருந்தது. நான் வேலையை விட்ட பிறகு, மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற பழைய கெனன் கமராவைத் தூசு தட்டினேன். கமரா வேலை செய்தது. அதோடு வந்த லென்ஸில் உப்புக் காற்றுக்குப் பூஞ்சணம் பிடித்து, உள்ளே சிலந்திவலை போல நூல் நூலாக ஓடியிருந்தது. துப்புரவாக்கக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள், செலவும் சொன்னார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிரவுதான் அந்தக் கணக்கு மனதில் ஓடியது. கடையில் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் கணக்கே அதுதான். ஆயிரத்தைப் பவரால் வகுத்தால் குவியத் தூரம், அதாவது வில்லையிலிருந்து அது ஒளியைக் குவிக்கிற இடம்வரை உள்ள தூரம், மில்லிமீற்றரில் வரும். வாசிக்கப் போடுகிற பிளஸ் இரண்டு கண்ணாடி 500 மில்லிமீற்றர். கமராவுக்கு அது வேலிக்கம்பு நீளம். அம்மாவின் பிளஸ் பத்தோ 100 மில்லிமீற்றர். முகம் எடுக்க ஸ்டூடியோக்காரர் தேடுகிற அளவு அது. அலுமாரியில் சும்மா கிடக்கிறது.

இனிக் குழாய்க் கதை. கெனனில் லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து, படம் பதிகிற சென்சர்வரை 44 மில்லிமீற்றர். மிச்சம் 56 மில்லிமீற்றரை நான் கட்ட வேண்டும். கமராவின் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடியின் நடுவில் வட்டமாக வெட்டினேன் (மூடியைக் கழற்றி வேறு அறையில் வைத்து வெட்டுங்கள்; தூள் கமராவுக்குள் போனால் அழுகைதான்). அதன்மேல் ஒரு பிவிசி குழாய்த் துண்டு, அதற்குள் வழுக்கிப் போகிற இன்னொரு துண்டு. பொருந்தும் இரண்டு அளவு ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கவில்லை. உள்குழாயைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டினேன். அது வெளிச்சத்தையும் தடுக்கிறது, பட்டுப் போல வழுக்கியும் போகிறது. குழாயை இழுத்தால் கிட்ட உள்ளது தெளியும், தள்ளினால் தூர உள்ளது.

வில்லையை வட்டமாக அரைக்கும்போது வலக்கண் வில்லை உடைந்தது. ஆயிரக்கணக்கில் அரைத்த கை. அதைப் போய் உடைத்தது. பழைய கண்ணாடி, விளிம்பில் எங்கோ மயிர்க்கீறல் இருந்திருக்க வேண்டும். அதற்குமேல் அன்று கல்லைத் தொடவில்லை. நாலு நாள் கழித்து இடக்கண் வில்லையைத் தண்ணீர் விட்டு விட்டு மெதுவாக அரைத்தேன். விட்டம் 40 மில்லிமீற்றர் வந்தது. கடை லென்ஸ் கணக்கில் எஃப் 2.5 (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது; எண் கூடக் கூடத் துளை சின்னது). கமராவுக்கு இதெல்லாம் தெரியாது. அது எஃப் 00 என்று காட்டிக்கொண்டு பேசாமல் இருக்கும்.

முதல் நாள் எடுத்ததெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. வில்லையில் குற்றமில்லை, குழாயின் உட்சுவர் பளபளத்ததுதான் காரணம். உள்ளேயும் வெல்வெட் ஒட்டினேன், பால் வடிந்துபோய்விட்டது.

இந்த மங்கல் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் பக்கத்தைத் தெரிவு செய்பவருக்குச் சொல்ல வேண்டும். கை ஆடினால் படத்தில் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஒற்றை வில்லையின் மங்கல் அப்படி வராது. வில்லையின் நடுவால் வரும் ஒளி ஓரிடத்தில் குவிகிறது, விளிம்பால் வருவது சற்று முன்னதாகவே குவிந்துவிடுகிறது. அதனால் கண்ணிமை கூர்மையாக இருக்கும், அதன்மேல் ஒரு புகைப்படலம் படிந்திருக்கும். தொண்டைக்குழியைத் தாண்டினால் படம் கரையத் தொடங்கும். அப்புறம் நிறங்கள். நீலம் கிட்டக் குவியும், சிவப்பு தள்ளிக் குவியும். வெள்ளைச் சட்டையின் கரையில் ஊதா நிறம் ஒட்டிக்கொள்வது அதனால்தான். கடை லென்ஸில் பல கண்ணாடிகளைச் சேர்ப்பது இந்தப் பிழைகளை ஒன்றுக்கு எதிராக ஒன்றை வைத்துத் தீர்க்கத்தான்.

எனக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. கறுப்பு பிரிஸ்டல் போர்ட்டில் வட்டத் தகடுகள் வெட்டி வைத்திருக்கிறேன். 25 மில்லிமீற்றர் துளை போட்டால் எஃப் 4, புகை பாதி போய்விடும். 12.5 போட்டால் எஃப் 8, உங்கள் நிபந்தனைக்கே போதுமான அளவு தெளியும். கறுப்பு வெள்ளையாக்கும்போது பச்சை நிறத்தின் பங்கை மட்டும் எடுத்து மற்ற இரண்டையும் விட்டால் இன்னும் தெளிவு. செய்து பார்க்க விரும்புகிற பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம்: பொலிகார்பனேட் வில்லை வேண்டாம், ஊதாக்கரை அதில்தான் அதிகம். பழைய கண்ணாடி வில்லை நல்லது, சாதாரணப் பிளாஸ்டிக்கும் பரவாயில்லை. பிளஸ் பத்து கிடைக்காவிட்டால் இரண்டு பிளஸ் ஐந்தைச் சேர்த்து வையுங்கள். சூரியனுக்கு நேரே மட்டும் பிடிக்காதீர்கள். வெயிலில் வில்லை பிடித்துக் கடதாசி எரிக்காத பிள்ளை உண்டா? உள்ளே இருக்கிற சென்சருக்கும் அதே கதிதான்.

புடைத்த பக்கம் வெளியேயா, உள்ளேயா என்பதையும் இரண்டு விதமாகவும் மாட்டிப் பார்த்தேன். சற்றுக் குழிந்த பின்பக்கம் ஆளைப் பார்க்கும்படி திருப்பி, முன்னால் சின்னத் துளையும் வைத்தால் படத்தின் ஓரம்வரை ஓரளவு சமமாக வரும். இதை 1812 இலேயே வொலஸ்டன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அம்மா போட்டதுபோல் புடைத்த பக்கம் வெளியே இருந்தால் நடு நன்றாக வரும், ஓரம் சுழன்று கரைந்துவிடும். நான் அம்மா போட்டதுபோலவே விட்டுவிட்டேன். முகத்தை நடுவில் வைத்தால் சரி.

முகமும் தோளும் அடங்க வேண்டுமானால் ஆளுக்கு இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும். ஒளித்து நின்று எடுக்கிற தூரம் இல்லை அது, கதைக்கிற தூரம். போதாததற்குக் கையில் வெள்ளைப் பிவிசி குழாய். கோட்டை வாசலில் நின்ற சிப்பாய் அதைப் பார்த்துவிட்டுத் துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு கிட்ட வந்தார். எனக்கு வேர்த்துவிட்டது. குழாயைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் “அம்மாவின் கண்ணாடி” என்றேன். அவர் அதைக் கையை நீட்டிப் பிடித்து, அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த மானைப் பார்த்து, தலைகீழாகத் தெரிகிறது என்று சிரித்தார். உள்ளே போய் எடுக்க வேண்டாம், கோவிலுக்குப் போவதானால் போ என்றார். சரி என்று கமராவைப் பையில் போட்டுக்கொண்டு கோணேசரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

குழாயை நகர்த்தித் தெளிவு பிடிப்பது இலேசான வேலை இல்லை. ஆள் அரை மீற்றர் முன்னே வந்தால் குழாய் இரண்டு மில்லிமீற்றர்கூட நகராது. அதற்குள் தேட வேண்டும். அரை நிமிடம், ஒரு நிமிடம் போகும். அந்த நேரத்தில் முன்னால் நிற்பவரின் முகத்தில் நடப்பதுதான் என்னை இந்தப் பைத்தியத்தில் பிடித்து வைத்திருக்கிறது. முதலில் அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்துவார்கள். பிறகு “எடுத்தாச்சா?” என்பார்கள். பிறகு எனக்கு ஒன்றும் சரிவராது என்று முடிவெடுத்து என்மேல் இரக்கப்படுவார்கள். அந்த இரக்கம் வந்த முகம் நல்ல முகம். டச்பே கடற்கரையில் கச்சான் விற்கிற கிண்ணியா நானா ஒருவரை அப்படித்தான் எடுத்தேன். மாலையில் வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட, அங்கே கரை முழுக்க மெத்தென்ற வெளிச்சம் நிற்கும். நான் குழாயோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டு அவர், “இருங்க தம்பி, அவசரமில்ல, கச்சான் சூடாத்தான் இருக்கு” என்று ஒரு சரையை என் சட்டைப் பையில் வைத்துவிட்டுத் திரும்பினார். அந்தத் திரும்பலைத்தான் எடுத்தேன். நீங்கள் நிராகரித்த இரண்டாவது படம் அது. வண்டில் விளக்குகள் பின்னால் ததும்பி நிற்கின்றனவே, அது.

பத்து எடுத்தால் எட்டு வீண். அதையும் மறைக்கவில்லை.

படத்தைப் பார்த்த மகன், மிரோஸ்லாவ் டிச்சி என்ற செக் நாட்டுக்காரரைப் பற்றிச் சொன்னான். கடதாசி மட்டையிலும் தகரத்திலும் தானே கமரா செய்தவர், பிளெக்சிகிளாஸை வெட்டிப் பற்பசையும் சிகரெட் சாம்பலும் போட்டு மினுக்கி வில்லை செய்தவர். கைவேலையைக் கேட்டபோது எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எடுத்தது பெரும்பாலும் தெருவிலும் நீச்சல் குளத்திலும் நின்ற பெண்களை, அவர்களுக்குத் தெரியாமல். அந்தப் படங்கள் பெரிய மண்டபங்களில் தொங்கினாலும் எனக்கு அதில் மதிப்பில்லை. இந்த ஊரில் கேட்காமல் கமராவைத் தூக்கினால் சனம் பயப்படுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கேட்டுத்தான் எடுக்கிறேன். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நடக்கிறேன்.

நான் சொல்ல விரும்புவது வேறொருவரை, அவர் நம் நாட்டு மண்ணிலேயே கிடக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரோன், கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. 1863 இல், 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவில்தான் படம் எடுக்கவே தொடங்கினார். அந்தக் காலத்து லென்ஸ்களில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற இடமும், படம் பிடிக்கிற கண்ணாடித் தட்டில் தெளிவாகப் பதிகிற இடமும் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. தட்டு நீல ஒளியைத்தான் கூடுதலாக உறிஞ்சியது. மற்றவர்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள். கமரோன் அம்மா அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். அன்றைய புகைப்படப் பத்திரிகைகள் அவர் படங்களைத் தெளிவில்லாதவை, கவனமில்லாதவை என்று திட்டின. உங்கள் நிபந்தனை எவ்வளவு பழையது பாருங்கள். 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், 1879 இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் காலமானார், பொகவந்தலாவையில் தேவாலயத்தோடு சேர்ந்த மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் எடுத்த முகங்களை இன்று உலகம் காசு கொடுத்துப் பார்க்கிறது.

நான் கமரோன் அம்மா இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நியாயம் கேட்கலாம். போன மாதம் உங்கள் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோட்டை மான் ஒன்றின் படம் வந்தது. கைத்தொலைபேசியில் எடுத்தது, பின்னணி பட்டுப் போல மங்கல். அந்த மங்கல் எந்த வில்லையும் செய்ததில்லை. தொலைபேசி தானே கணக்குப் பார்த்து, மான் எது மரம் எது என்று ஊகித்துப் பூசியது. ஊகம் ஓரிடத்தில் பிழைத்து, மானின் கொம்பில் ஒரு கிளையை மரத்தோடு சேர்த்துக் கரைத்துவிட்டது. எடுத்துப் பாருங்கள், இடப்பக்கக் கொம்பு. அது தெளிவான படம் என்று அச்சாகிறது. என் படத்தில் யாருடைய உறுப்பும் காணாமல் போகவில்லை.

கடைசியாகப் பூக்கார அம்மா. வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோவிலடியில் தாமரைப்பூவும் மாலையும் விற்பவர். எழுபது தாண்டியிருக்கும். அவரைப் படம் பிடிக்க மூன்று வெள்ளி எடுத்தது. முதல் வெள்ளி மாட்டேன் என்றார். இரண்டாம் வெள்ளி, தலை இழுக்கவில்லை என்றார். மூன்றாம் வெள்ளி பொட்டு வைத்து, நல்ல சேலை உடுத்து வந்து, நான் கேட்காமலே “இப்ப எடு தம்பி” என்று கட்டின்மேல் உட்கார்ந்தார். தகடு ஒன்றும் போடாமல், வில்லை முழுவதையும் திறந்து வைத்து எடுத்தேன். குழாயை நகர்த்தி நகர்த்தி நான் தடுமாற, அவர் பொறுமை இழந்து மாலை கட்டத் தொடங்கிவிட்டார். நாரைப் பல்லில் கடித்தபடி ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கண்ணும் தெளிவு, நார் தெளிவு. மடியில் கிடந்த பூவெல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல.

கமராவின் பின்பக்கம் காட்டினேன். கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார். அவருக்கும் கண்ணில் வெள்ளை எடுத்து, உள்ளே வில்லை வைத்திருக்கிறார்களாம், கண்ணாடி தேவையில்லை. பிறகு சொன்னார்: “ஒப்பரேசனுக்கு முந்தி எனக்கு எல்லாரும் இப்பிடித்தான் தெரிஞ்சவை. அப்ப சனமெல்லாம் நல்ல வடிவு. கண் தெளிஞ்ச பிறகுதான் ஆரார் முகத்தில என்னென்ன கிடக்கெண்டு தெரிஞ்சுது.” சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கற்பூரக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

“பேப்பரில போடுவியா?” என்றும் கேட்டார். போடுவேன் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அந்த மூன்றாவது படத்தைத்தான் உங்கள் அலுவலகம் கை ஆடியது என்று விட்டுவிட்டது. இப்போது ஒவ்வொரு வெள்ளியும் பூ சுற்றித் தரும்போது, வந்ததா என்று கேட்கிறார். பூ சுற்றுவதும் பழைய பத்திரிகையில்தான், அதிலும் ஒருமுறை விரித்துப் பார்த்தார்.

படத்தை இத்துடன் மீண்டும் இணைத்திருக்கிறேன். போடுவதானால் கூர்மையாக்குகிறோம் என்று கணினியில் எதுவும் செய்யாமல் அப்படியே போடவும். போடுவதில்லை என்றால் கை ஆடியது என்பதைத் தவிர வேறு காரணம் ஏதாவது இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
பழைய கண்ணாடிக்கடை ஊழியன்,
உவர்மலை, திருகோணமலை.